5 அச்சு மெஷினில் ஜாப் தவறினால்: அறிகுறியிலிருந்து காரணம் பிடிக்கும் வழி

சாதாரண வி.எம்.சி.யில் (3 அச்சு சி.என்.சி. மெஷின்) வெட்டும் ஜாப்பில் ஓர் அளவு 0.03 மில்லிமீட்டர் கூட வந்தால், ஆஃப்செட்டில் (கண்ட்ரோலில் போடும் திருத்த அளவு) 0.03 குறைத்துப் போடுவோம். அடுத்த ஜாப் சரியாக வந்துவிடும். மூன்று நேர் அச்சுகளோடு இரண்டு சுழலும் அச்சுகளும் உள்ள 5 அச்சு (ஃபைவ் ஆக்சிஸ்) மெஷினில் பாதித் தொல்லைகள் இந்தப் பழக்கத்திலிருந்துதான் தொடங்குகின்றன. ஒரு கோணத்தில் அடக்கிய 0.03, டேபிளைத் திருப்பியதும் வேறு பக்கத்தில் 0.06 ஆக எழுந்து நிற்கும். அதையும் ஆஃப்செட்டில் அடக்குவார்கள். சாயங்காலத்துக்குள் எந்த எண் உண்மை, எது ஒட்டுப்போட்டது என்று யாருக்கும் தெரியாது.

ஆகவே ஆஃப்செட் பக்கத்தைத் திறக்கும் முன் இரண்டு கேள்விகள். கோணம் மாறும்போது தவறும் மாறுகிறதா? மாறினால் ரோட்டரி மையம் (சுழலும் அச்சின் மையம்), டூல் நீளம், கோண அளவு ஆகிய மூன்றுக்குள் தேடுங்கள். மாறவில்லை என்றால் அது டூல் தேய்மானம், பிடிமானம், டூல் ஆரம் போன்ற பழைய 3 அச்சுக் கோளாறுதான். அடுத்த கேள்வி: ரோட்டரி அச்சுகளைப் பூட்டிவிட்டு, அதே இடத்தை நிலையான சாய்வில் வெட்டினாலும் கோளாறு வருகிறதா? வராவிட்டால், ஐந்து அச்சும் ஒன்றாக நகர்வதில்தான் சிக்கல். அப்போது அந்த இடத்தில் ஐந்தையும் ஒன்றாக ஓட்டத்தான் வேண்டுமா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடலாம். பல ஜாப்களில் வேண்டியதில்லை. சாய்த்து, பூட்டி, 3 அச்சாக வெட்டுவதே போதும்.

கீழே சொல்வதெல்லாம் தொட்டில் வகை டேபிள் உள்ள மெஷினை மனத்தில் வைத்து எழுதியது: எக்ஸ் அச்சைச் சுற்றிச் சாயும் ஏ, அதன்மேல் வட்டமாகச் சுழலும் சி. ஜி-கோடுகளில் (மெஷினுக்கு எழுதும் கட்டளைகளில்) ஃபானுக் கண்ட்ரோலின் முறையை முன்னால் வைத்திருக்கிறேன். சீமென்ஸ், ஹைடன்ஹைன் கண்ட்ரோல் வைத்திருப்பவர்களுக்கு இணையானதைத் தேவையான இடத்தில் சொல்கிறேன்.

"மேல் பக்கம் சரி, சாய்த்துப் போட்ட துளை மட்டும் இடம் தள்ளிப்போகிறது"

இதுதான் அதிகம் வரும் புகார். அதிகமாகத் தவறான மருந்து கொடுக்கப்படுவதும் இதற்குத்தான்.

முதலில் டூல் நீளம் எப்படி எடுக்கப்பட்டது என்று பாருங்கள். 3 அச்சில் டூலை ஜாப்பின் மேல் தொட வைத்து, அந்த மெஷின் இசட் மதிப்பையே நீளமாகப் போட்டுவிட்டு ஜி54-இன் (ஜாப்பின் பூஜ்யப் புள்ளியின்) இசட்டைப் பூஜ்யமாக விட்டுவிடுகிற கடைகள் உண்டு. அங்கே அது தப்பில்லை. 5 அச்சில் அது ஓடாது. ஜி43.4 போட்டு டூல் முனையைப் பின்தொடரும்போதும், ஜி68.2 போட்டுத் தளத்தைச் சாய்க்கும்போதும், ஜாப் ரோட்டரி மையத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று கண்ட்ரோலுக்குத் தெரிய வேண்டும். டூல் நீளமும் ஜி54-உம் தனித்தனியாக உண்மையாக இருந்தால்தான் அது தெரியும். இரண்டும் கலந்த ஒரு கூட்டுத்தொகை மட்டும் இருந்தால், மேல் பக்கம் அருமையாக வரும், சாய்த்த உடனே எல்லாம் பறந்துவிடும். நீளம் என்பது ஸ்பிண்டில் கேஜ் லைனிலிருந்து (டூல் ஹோல்டரை அளக்கும் குறிப்புக் கோடு) டூல் முனை வரை உள்ள உண்மை நீளம். டூல் செட்டர் இல்லையென்றால், நீளம் தெரிந்த ஒரு மேண்ட்ரலை (அளவுத் தண்டை) வைத்து எல்லா டூலையும் அதனோடு ஒப்பிட்டு அளந்துகொள்ளுங்கள்.

அது சரியாக இருந்தும் தவறு தொடர்ந்தால், ஓர் அலுமினியக் கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அளக்காமல் மெஷினைப் பிரிப்பதில் பயனில்லை. ஏ பூஜ்யத்தில் வைத்து, எண்ட் மில்லின் பக்கவாட்டால் நான்கு பக்கமும் மேலிருந்து 10 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஃபினிஷ் எடுங்கள். பிறகு ஏ 90-க்குச் சாய்த்து, சி-யை 0, 90, 180, 270 என்று திருப்பி, அதே நான்கு பக்கங்களையும் சற்றுக் கீழே, அதே டூலின் முனையால், அதே அளவுக்கு வெட்டுங்கள். மெஷின் வடிவியல் சுத்தமாக இருந்தால் மேல் வெட்டும் கீழ் வெட்டும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். இருக்காது. எவ்வளவு, எந்த மாதிரி விலகி இருக்கிறது என்பதில்தான் சேதி.

நான்கு பக்கமும் ஒரே அளவு, ஒரே திசையில் படி விழுந்திருந்தால், சி-க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏ மையத்தின் ஒய் அல்லது இசட் மதிப்பு தவறு, இல்லாவிட்டால் டூல் நீளம் தவறு. வேறு டூல் ஒன்றை எடுத்து அதே சோதனையைத் திரும்பச் செய்தால் இரண்டில் எது என்று பிரிந்துவிடும். டூல் விட்டம் தேய்ந்திருந்தாலும் இப்படித்தான் காட்டும் என்பதால், முதல் வெட்டை மைக்ரோமீட்டரில் அளந்து அதை விலக்கிவிடுங்கள்.

சி பூஜ்யத்தில் சரியாக இருந்து, சி திரும்பத் திரும்பப் படி மாறிக்கொண்டே போனால், சி மையம் கண்ட்ரோல் நம்பும் இடத்தில் இல்லை. மையம் 0.02 தள்ளி இருந்தால், 180 டிகிரியில் அது 0.04 ஆகத் தெரியும். ஆரம்பத்தில் சொன்ன இருமடங்குக் கணக்கு இங்கிருந்துதான் வருகிறது.

மூன்றாவது வகை: படி இல்லை, ஆனால் பக்கம் சரிவாக இருக்கிறது, கீழே போகப்போக விலகல் கூடுகிறது. இது கோணப் பிழை. ஏ பூஜ்யம் உண்மையான பூஜ்யத்தில் இல்லை. 0.01 டிகிரி என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். 200 மில்லிமீட்டர் தள்ளிப் பார்த்தால் அது 0.035. மையத்தை எவ்வளவு திருத்தினாலும் இது போகாது. டேபிளில் டயல் கேஜை எக்ஸ், ஒய் இரண்டிலும் ஓட்டி ஏ-யின் மூல நிலையைத் திருத்த வேண்டும்.

மையத்தைத் திருத்துவதற்கு இன்றைய கண்ட்ரோல்களில் வசதி உண்டு. தொட்டு அளக்கும் புரோப்பும் அளவுக் கோளமும் இருந்தால் சீமென்ஸில் சைக்கிள்996, ஹைடன்ஹைனில் 451-ஆம் சைக்கிள் ஆகியவை கோளத்தைப் பல கோணங்களில் தொட்டு மையத்தைக் கணக்கிட்டுவிடும். ஹாஸ் மெஷினில் ரோட்டரி மையம் 255, 256, 257 ஆகிய செட்டிங்குகளில் இருக்கிறது. எதில் செய்தாலும் பழைய எண்களை முதலில் எழுதி வையுங்கள். கோளம் கழுவாமல், புரோப் ஸ்டைலஸ் தளர்ந்த நிலையில் சைக்கிளை ஓட்டினால், அது கவலையே படாமல் தவறான மையத்தை எழுதிவிட்டுப் போய்விடும். மெஷின் மோதிய பிறகு, ஸ்பிண்டில் மாற்றிய பிறகு, லெவல் செய்த பிறகு இந்தச் சோதனை கட்டாயம். மற்ற நேரத்தில் மாதம் ஒரு முறை போதும் என்பது என் கருத்து. இறுக்கமான டாலரன்ஸ் உள்ளவர்கள் வாரம் ஒரு முறை செய்வார்கள்.

"காலையில் ஓட்டிய ஜாப் ஒரு மாதிரி, மதியம் ஓட்டியது வேறு மாதிரி"

வெப்பம். ஸ்பிண்டில் சூடாகி நீள்வது 3 அச்சிலும் உண்டு, அங்கே அது ஆழத்தில் மட்டும் தெரியும். இங்கே ஜாப் சாய்ந்து நிற்பதால், அதே நீட்சி பக்கவாட்டு அளவாகிவிடும். டேபிளின் மோட்டார் சூடும் மையத்தை நகர்த்தும். கூடவே ஜாப்பும். 500 மில்லிமீட்டர் அலுமினியம் 5 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 0.06 நீளும், இரும்பு அதில் பாதி. வெயிலில் நின்ற லாரியிலிருந்து இறக்கிய கட்டையை அப்படியே ஏற்றி ஃபினிஷ் எடுக்காதீர்கள்.

காலையில் ஸ்பிண்டிலை மட்டும் வார்ம்-அப் செய்வது போதாது. ஏ, சி இரண்டையும் சேர்த்துப் பதினைந்து இருபது நிமிடம் ஆட்டுங்கள். முக்கியமான ஃபினிஷுக்கு முன், ஜாப்பிலேயே உள்ள ஒரு துளையையோ முகத்தையோ புரோப்பால் தொட்டு ஜி54-ஐப் புதுப்பிக்கலாம்.

"நடுவில் ஓர் இடத்தில் டேபிள் திடீரென்று அரைச் சுற்று சுற்றுகிறது, அங்கே வட்டமாக ஒரு தழும்பு விழுகிறது"

புதிதாக 5 அச்சுக்கு வந்தவர்கள் இதைப் பார்த்து மெஷின் பழுதென்று சர்வீஸ் ஆளைக் கூப்பிடுவார்கள். பழுதில்லை, வடிவியல். டூலின் திசை சி அச்சின் திசையோடு ஒன்றாகும் இடத்தில், அதாவது ஏ பூஜ்யமாகும் இடத்தில், சி எந்தக் கோணத்தில் இருந்தாலும் ஒன்றுதான். அந்தப் புள்ளியைக் கடந்து டூல் மறுபக்கம் சாய வேண்டும் என்றால், ஏ எதிர்மறையாகப் போக வேண்டும், அல்லது சி 180 டிகிரி திரும்ப வேண்டும். ஏ-க்கு எதிர்ப்பக்கம் இடம் இல்லாத மெஷின்களில் சி திரும்பித்தான் ஆக வேண்டும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். ஃபீடு (டூல் நகரும் வேகம்) நிமிடத்துக்கு 1000 மில்லிமீட்டர். அந்தத் திருப்பம் 1 மில்லிமீட்டர் பாதைக்குள் நடக்க வேண்டும் என்றால் கிடைக்கும் நேரம் 0.06 வினாடி. அதற்குள் அரைச் சுற்று என்றால் சி 500 ஆர்.பி.எம்.மில் சுற்ற வேண்டும். வார்ம் கியர் டேபிள் 25 ஆர்.பி.எம். தருகிறது என்று வைத்துக்கொண்டால், அரைச் சுற்றுக்கு 1.2 வினாடி ஆகும். அந்த நேரம் முழுக்க டூல் நிமிடத்துக்கு 50 மில்லிமீட்டரில் ஊர்ந்துகொண்டு ஒரே இடத்தைத் தேய்க்கும். தழும்பு அதுதான். ஃபீடைக் கூட்டினாலும் குறைத்தாலும் இது தீராது.

தீர்வுகளை என் விருப்ப வரிசையில் சொல்கிறேன். முதலாவது, ஜாப்பையே ஃபிக்ஸ்சரில் (ஜாப்பைப் பிடிக்கும் அமைப்பில்) 10 அல்லது 15 டிகிரி சாய்த்துப் பிடிப்பது. வெட்டும் திசைகள் எதுவும் ஏ பூஜ்யத்தைத் தொடாமல் போய்விடும். ஃபிக்ஸ்சர் செலவு ஒரு முறைதான். இரண்டாவது, கேம் (டூல் பாதையை உருவாக்கும்) மென்பொருளில் குறைந்தபட்சச் சாய்வு என்று ஒரு வரம்பு கொடுத்து, டூல் திசை அந்தக் கூம்புக்குள் நுழையாமல் தடுப்பது. மூன்றாவது, அந்தப் பகுதியை மட்டும் பிரித்து, சி-யைப் பூட்டிவிட்டு 4 அச்சாக வெட்டுவது. நான்காவது, ஏ இருபுறமும் சாயும் மெஷினாக இருந்தால், போஸ்ட் புராசஸரில் (கேம் பாதையை மெஷினின் ஜி-கோடாக மாற்றும் நிரலில்) எதிர்மறைக் கோணத்தை அனுமதிப்பது. ஒவ்வொரு டூல் திசைக்கும் ஏ-சி கோணங்களில் இரண்டு விடைகள் உண்டு. போஸ்ட் எந்த விடையை எடுக்கிறது, நடுவில் மாற்றிக்கொள்கிறதா என்பதை போஸ்ட் எழுதியவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

"ஃபீடு எஃப் 2000 போட்டிருக்கிறேன், மெஷின் நத்தை மாதிரி போகிறது, மேற்பரப்பில் பட்டை பட்டையாகத் தெரிகிறது"

இதில் மூன்று காரணங்கள் கலந்து வரும்.

கேமில் டாலரன்ஸ் தளர்வாக இருந்தால் வளைவு சின்னச் சின்ன நேர்கோடுகளாகிப் பட்டை தெரியும். சரி என்று அதை 0.001-க்கு இறுக்கினால் புள்ளிகள் குவிந்து, கண்ட்ரோல் முன்னோக்கிப் படித்து முடிக்க முடியாமல் திணறும். ஃபினிஷுக்கு கேமில் 0.005, கண்ட்ரோலில் அதைவிடச் சற்றுத் தளர்வாக 0.01 என்று தொடங்குங்கள். ஃபானுக்கில் ஜி05.1 க்யூ1, சீமென்ஸில் சைக்கிள்832, ஹைடன்ஹைனில் 32-ஆம் சைக்கிள் ஆகியவை இதற்குத்தான் இருக்கின்றன. ஹைடன்ஹைன்காரர்கள் ரோட்டரிக்கான கோண டாலரன்ஸையும் தனியாகக் கொடுக்க வேண்டும். பலர் அதை மறந்துவிடுவார்கள்.

இரண்டாவது, ரோட்டரிதான் மெதுவான அச்சு. பட்டியலில் எக்ஸ் நிமிடத்துக்கு 40 மீட்டர் வேகம் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஐந்தில் மெதுவானது எதுவோ அதன் வேகத்துக்கு மற்ற நான்கும் காத்திருக்கும். கேமில் டூல் திசை அடுத்தடுத்த புள்ளிகளில் குலுங்குகிறதா என்று பாருங்கள். முக்கோண வலையாக வந்த மாடலின் மேல் நேராகப் பாதை போட்டால், ஒவ்வொரு முகத்துக்கும் டூல் திசை மாறிக்கொண்டே இருக்கும். சாய்வை மேற்பரப்பிலிருந்து எடுக்காமல், ஒரு கோட்டை நோக்கியோ புள்ளியை நோக்கியோ சாய வைத்தால் ஆட்டம் அடங்கிவிடும்.

மூன்றாவது, எஃப் எந்த அலகில் படிக்கப்படுகிறது என்பது. வி.எம்.சி.யில் 4-ஆம் அச்சு மாட்டி ஓட்டுபவர்களுக்கு இது முக்கியம். ரோட்டரி மட்டும் நகரும் வரியில் எஃப் 500 என்றால் நிமிடத்துக்கு 500 டிகிரி. 100 விட்டத்தில் அது நிமிடத்துக்கு 436 மில்லிமீட்டர், 20 விட்டத்தில் வெறும் 87. ஒரே புரோகிராமில் விட்டம் மாறினால் வெட்டும் மாறிவிடும். ஜி43.4 இருந்தால் ஃபீடு டூல் முனையில் கணக்கிடப்படும், கவலையில்லை. இல்லாத மெஷினில் போஸ்டை ஜி93-க்கு (தலைகீழ் நேர ஃபீடு) மாற்றுங்கள். அதில் ஃபீடைப் பாதை நீளத்தால் வகுத்து ஒவ்வொரு வரியிலும் எழுத வேண்டும். 2 மில்லிமீட்டர் வரியை 500-இல் ஓட்ட எஃப் 250. முடிந்ததும் ஜி94-க்கு (வழக்கமான நிமிட ஃபீடு) திரும்பாவிட்டால், அடுத்த டூலின் முதல் வரியிலேயே தெரிந்துவிடும், பெரிய சத்தத்தோடு.

"சாய்த்தால் மட்டும் சாட்டர் (வெட்டும்போது அதிர்வு)"

நேராக இருக்கும்போது அமைதியாக வெட்டும் அதே டூல், ஏ 60, 70 என்று போனதும் கத்துகிறது. முதலில் பிரேக். சாய்த்துப் பூட்டி வெட்டும்போது ரோட்டரி கிளாம்ப் ஆகியிருக்கிறதா? பல மெஷின்களில் எம்10, எம்11 ஆகியவை 4-ஆம் அச்சைப் பூட்டவும் திறக்கவும் இருக்கும். மெஷின் செய்தவரைப் பொறுத்து இது மாறும் என்பதால் கையேட்டைப் பாருங்கள். போஸ்ட் அந்த வரியை எழுதவே இல்லை, சர்வோ மோட்டார் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பது அடிக்கடி காணும் காட்சி. பிரேக்குக்குப் போகும் காற்றழுத்தமோ ஹைட்ராலிக் அழுத்தமோ குறைந்திருந்தாலும் இதே கதைதான்.

அடுத்து, ரோட்டரியில் பேக்லாஷ் (கியர் பற்களிடையே உள்ள தளர்வு). டேபிள் மையத்திலிருந்து 200 மில்லிமீட்டர் தள்ளி டயலை வைத்து, பிரேக்கைத் திறந்த நிலையில் டேபிளைக் கையால் தள்ளி விட்டுப் பாருங்கள். முள் பழைய இடத்துக்குத் திரும்புகிறதா? வார்ம் கியர் வகையில் அதிகம் நிற்கும் கோணங்களில்தான் தேய்மானம் இருக்கும். அங்கே மட்டும் பார்த்து இறுக்கினால், தேயாத கோணங்களில் டேபிள் பிடித்துக்கொள்ளும். சுற்றிலும் பல இடங்களில் அளந்துவிட்டு இறுக்குங்கள். டைரக்ட் டிரைவ் (கியர் இல்லாமல் மோட்டாரே சுழற்றும்) டேபிளில் இந்தத் தொல்லை இல்லை. அதற்கு வேறு தொல்லை: பிடிக்கும் சக்தி மோட்டாரிலும் பிரேக்கிலும் மட்டுமே இருப்பதால், ஒருபக்க எடையும் கனமான ரஃபிங்கும் (முதலில் எடுக்கும் முரட்டு வெட்டும்) அதற்குப் பிடிக்காது.

இவை சரி என்றால் டூல் நீட்சியைப் பாருங்கள். வளைவு நீளத்தின் மூன்றாம் அடுக்கில் கூடும். 60 மில்லிமீட்டர் வெளியே நீட்டிய டூலை 40-க்கு இழுத்தால் வளைவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். 5 அச்சு வாங்குவதன் பெரிய லாபமே சாய்த்துக் குட்டை டூலால் வெட்ட முடிவதுதான். ஆனால் ஹோல்டர் டேபிளில் மோதும் என்று பயந்து, நீள டூலையே போட்டு ஓட்டுகிற கடைகள் நிறைய. அதற்கு மருந்து, ஜாப்பை டேபிளிலிருந்து உயர்த்திப் பிடிப்பது. ஜாப்பின் அடியில் வெட்டிய சரிவு விளிம்பைப் பிடிக்கும் டவ்டெயில் ஃபிக்ஸ்சரில் 4, 5 மில்லிமீட்டர் பிடிப்பு இருந்தால் ஐந்து பக்கமும் திறந்து கிடைக்கும். ரொம்பவும் உயர்த்திவிட்டால் வெட்டு விசை ஏ பிரேக்கை நெம்ப ஆரம்பிக்கும். ஜாப்பின் நடுப்பகுதி ஏ மையத்துக்குப் பக்கத்தில் வருவதுபோல் உயரம் அமைந்தால் நல்லது.

"பால்-நோஸ் ஃபினிஷ் தட்டையான இடத்தில் மட்டும் கிழிந்தாற்போல் இருக்கிறது"

உருண்டை முனை கொண்ட பால்-நோஸ் கட்டரின் அடி முனையில் வெட்டு வேகம் பூஜ்யம். அங்கே உலோகம் வெட்டப்படுவதில்லை, அரைத்துத் தள்ளப்படுகிறது. 10 மில்லிமீட்டர் பால்-நோஸ், 0.3 ஆழம், நேராக நின்றால் உண்மையில் வெட்டும் விட்டம் 3.4 மில்லிமீட்டர்தான். 8000 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்கு 86 மீட்டர். அதே டூலை 15 டிகிரி சாய்த்தால் வெட்டும் விட்டம் 5.7, வேகம் 144 மீட்டர், முனையும் ஜாப்பைத் தொடாது. ஐந்து அச்சும் ஓட வேண்டியதில்லை, நிலையான சாய்வே போதும். போகும் திசையில் முன்னோக்கிச் சாய்ப்பதா பக்கவாட்டிலா என்பதை ஒரு துண்டில் இரண்டும் ஓட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

பெரிய மேற்பரப்புகளுக்கு பீப்பாய் வடிவ கட்டர்களை ஒரு முறையாவது முயன்று பாருங்கள். 10 மில்லிமீட்டர் பால்-நோஸில் 0.3 ஸ்டெப்-ஓவருக்கு (அடுத்தடுத்த பாதைகளின் இடைவெளி) மிஞ்சும் முகட்டின் உயரம் 2.25 மைக்ரான். 250 மில்லிமீட்டர் ஆரமுள்ள பீப்பாய் கட்டரில் அதே உயரத்துக்கு 2.1 மில்லிமீட்டர் ஸ்டெப்-ஓவர் எடுக்கலாம். நேரம் ஏழில் ஒரு பங்கு. விலை அதிகம், மறு அரைப்பும் சுலபமில்லை. கோணம் சற்றுத் தவறினாலும் பள்ளம் விழும். அதனால் முதல் அறிகுறியில் சொன்ன வடிவியல் சோதனையில் தேறாத மெஷினில் இதைப் போட வேண்டாம்.

"இரண்டு சாய்வுகள் சந்திக்கும் இடத்தில் நகத்தில் தட்டுப்படும் கோடு"

0.01 வரை உள்ள படிக்கு மையத் திருத்தமும் வார்ம்-அப்பும் செய்தபின் மீதி இருப்பதைப் பாதை அமைப்பில் மறைக்கலாம். இரண்டு பகுதிகளும் 1, 2 மில்லிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று படரட்டும். எல்லையை மேற்பரப்பின் நடுவில் வைக்காமல் ஏதாவது ஒரு விளிம்புக்குத் தள்ளிவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே டூலைப் பயன்படுத்துங்கள். தெரியவே கூடாத மோல்டு வேலை என்றால், இந்த இடத்தில்தான் ஐந்தையும் ஒன்றாக ஓட்டுவதற்கு நியாயம் இருக்கிறது.

"இம்பெல்லர் (பம்பில் சுழலும் இதழ்ச் சக்கரம்) பிளேடு பாதி உயரத்துக்குக் கீழே அலை அலையாக வருகிறது"

முழு ரஃபிங்கையும் முடித்துவிட்டு, மெல்லிய பிளேடுகளை நிற்க வைத்து ஃபினிஷ் எடுத்தால் அவை மணி போல் அதிரத்தான் செய்யும். மேலிருந்து கீழாகப் பட்டைகளாகப் பிரியுங்கள். ஒரு பட்டைக்கு செமி ஃபினிஷ், ஃபினிஷ் இரண்டையும் பிளேடின் இருபுறமும் முடித்துவிட்டு அடுத்த பட்டைக்கு இறங்குங்கள். அடியில் உள்ள தடித்த பகுதி கடைசி வரை தாங்கிக்கொண்டிருக்கும். டூலுக்கு டேப்பர் பால்-நோஸ். நேர் ஷாங்கைவிட அது வெகுவாக விறைப்பு.

பிளேடை டூலின் பக்கவாட்டால் ஒரே வெட்டில் எடுக்கும் முறை வேகமானது. ஆனால் பிளேடு முறுக்கிக்கொண்டிருந்தால், நேரான டூல் மேலும் கீழும் சரியாக அமர்ந்தாலும் நடுவில் அதிகமாகவோ குறைவாகவோ வெட்டிவிடும். முறுக்கு கூடக்கூட இந்தத் தவறும் கூடும். கேமில் மாடலோடு ஒப்பிடும் வண்ணப் படத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கோவைப் பக்கம் பம்ப் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இருபுறமும் மூடிய இம்பெல்லரில், வாய் குறுகலாகவும் பிளேடு ஆழமாகவும் இருந்தால் எந்த 5 அச்சும் உள்ளே எட்டாது. அங்கே வார்ப்படமே வழி, மெஷினை அதன் பேட்டர்ன் வெட்டப் பயன்படுத்தலாம்.

"சாய்க்கப் போகும்போது அலாரம், அல்லது மோதல்"

ஜி53.1 (டூலைச் சாய்ந்த தளத்துக்கு நேராக நிறுத்தும் கட்டளை) வந்ததும் ரோட்டரி சுழலும். அதற்கு முன் இசட் முழுவதும் மேலே போயிருக்க வேண்டும். போஸ்ட் இதை ஒவ்வொரு சாய்வுக்கும் முன்னால் எழுதுகிறதா என்று பாருங்கள். நடுவில் ரீசெட் அடித்து நிறுத்தினால், சாய்ந்த தளத்தை ரத்து செய்யும் ஜி69 ஓடாததால் தளம் சாய்ந்தபடியே கண்ட்ரோலின் நினைவில் தங்கிவிடும் மெஷின்கள் உண்டு. அந்த நிலையில் ஹேண்டிலைச் சுற்றினால் டூல் எதிர்பாராத திசையில் போகும். புரோகிராமின் தலையில் ஜி69, டூல் நீளத் திருத்தத்தை ரத்து செய்யும் ஜி49 இரண்டையும் எழுதி வையுங்கள்.

சி அச்சு சுற்றிக்கொண்டே போய் எல்லையைத் தொட்டு அலாரம் அடித்தால், போஸ்ட் எல்லைக்கு முன்பே டூலை வெளியே எடுத்து, சி-யைத் திருப்பிச் சுற்றி, மீண்டும் உள்ளே விட வேண்டும். சிமுலேஷன் எப்போதும் போஸ்ட் ஆன ஜி-கோடில் செய்யுங்கள். கேம் திரையில் தெரியும் பாதையில் போஸ்டின் தவறுகள் எதுவும் தெரியாது.

இன்னொரு விசித்திரமான அறிகுறி: மெஷினை ஷெட்டுக்குள்ளேயே பத்தடி நகர்த்தினீர்கள், அதன்பின் அது எழவே இல்லை. ஜப்பானிலிருந்து வரும் பல 5 அச்சு மெஷின்களில் இடமாற்றத்தைக் கண்டுபிடித்துப் பூட்டிக்கொள்ளும் கருவி இருக்கும். இவை ராணுவப் பயன்பாடும் உள்ள பொருளாகக் கருதப்படுவதால் ஏற்றுமதிக் கட்டுப்பாடு உண்டு. தோஷிபா மெஷின் நிறுவனம் சோவியத் யூனியனுக்குக் கப்பல் புரொப்பெல்லர் வெட்டும் பல அச்சு மெஷின்களை விற்றது 1987-இல் வெளியே வந்து பெரிய விவகாரமானது. நகர்த்துவதற்கு முன் விற்றவருக்குச் சொல்லிவிடுங்கள்.

"எல்லாம் சரியாக ஓடுகிறது, ஆனால் கட்டுப்படியாகவில்லை"

இந்த அறிகுறிக்கு மெஷினுக்குள் மருந்து இல்லை. வேலைக்கும் மெஷினுக்கும் பொருத்தம் இல்லை.

கியர் பெட்டி, வால்வு பாடி மாதிரி நான்கு பக்க வேலைதான் அதிகம், எண்ணிக்கையும் அதிகம் என்றால், சுழலும் பி டேபிளும் பேலட் (ஜாப் மாட்டும் தட்டு) மாற்றியும் உள்ள எச்.எம்.சி. (ஸ்பிண்டில் கிடைமட்டமாக உள்ள மெஷின்) போதும். சிப் (உலோகச் சீவல்) தானாகக் கீழே விழும். ஒரு பேலட்டில் ஜாப் மாட்டும்போது மற்றது வெட்டிக்கொண்டிருக்கும். சின்ன, மிதமான எடையுள்ள, ஐந்து பக்கமும் வேலை உள்ள ஜாப்புக்குத் தொட்டில் டேபிள். எடை கூடினால் அது தடுமாறும். டேபிளில் நேராக ஏற்ற முடிகிற எடையையும், 90 டிகிரி சாய்ந்த நிலையில் தாங்கும் எடையையும் தனித்தனியாகக் கேளுங்கள். நீளமான, கனமான ஜாப்புக்குத் தலை சாயும் மெஷின். அங்கே ஜாப் அசையாது. ஆனால் சாயும் மையத்திலிருந்து டூல் முனை வரையுள்ள தூரம் முழுவதும் நெம்புகோல் ஆகிவிடுவதால், நீள டூலில் கோணப் பிழை பெரிதாகும். மாதம் ஒன்றிரண்டு சாய்வு வேலை மட்டும் வருகிறதென்றால், இருக்கும் வி.எம்.சி.யில் ஒரு நல்ல 4-ஆம் அச்சு மாட்டுங்கள். மீதியை வெளியே கொடுத்துச் செய்துகொள்ளலாம்.

வாங்கியே தீருவது என்றால், கண்காட்சியில் வெட்டிக் காட்டும் பளபளப்பான டர்பைனைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அது அந்த மெஷினுக்கென்றே பழக்கப்பட்ட ஜாப். ஐ.எஸ்.ஓ. 10791-7 சோதனைத் துண்டையோ, விமானத் துறையின் பழைய என்.ஏ.எஸ். 979 கூம்பையோ வெட்டித் தரச் சொல்லி அளவு அறிக்கை வாங்குங்கள். அதோடு உங்கள் ஜாப் ஒன்றையும், மேலே சொன்ன அலுமினியக் கட்டைச் சோதனையையும் உங்கள் முன்னால் ஓட்டச் சொல்லுங்கள். ரோட்டரியை ஓட்டுவது வார்ம் கியரா, ரோலர் கேமா, டைரக்ட் டிரைவா? நிலையை நேரடியாக அளக்கும் ஸ்கேல் ரோட்டரியிலும் உண்டா? ஜி43.4 திறந்து தரப்படுகிறதா, தனி விலையா? மையம் திருத்தும் சைக்கிளும் கோளமும் சேர்த்தியா? உங்கள் கேமுக்கான போஸ்ட் யார் தருவது, அதைத் திருத்த யார் வருவது? இந்தப் பதில்களை விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குங்கள். போஸ்ட் சரியாக ஓடிக் காட்டும்வரை கடைசித் தவணையை நிறுத்தி வைப்பதாகவும் அதில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.